சாலு என்றால் போதும்

போச்சம்பள்ளி
புதன்கிழமை

அன்பு மகள் அனுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பும் மனசும் சுகமாக, வேளாவேளைக்குச் சோறு தின்றுகொண்டு இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்கு ஜப்பானுக்குத் தபால் போடுகிறாள் என்று கவரைப் பார்த்ததுமே உனக்குப் பகீரென்றிருக்கும். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலி இருக்கிறது, கம்பெனி பஸ்ஸில் கிளட்சை மிதித்து மிதித்து வந்த வலி, தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறார். கல்யாணப் பேச்சும் இந்தக் கடிதத்தில் கிடையாது, நிம்மதியாகப் படி. மாம்பூ இந்த வருஷம் நன்றாகத்தான் பிடித்தது, நடுவில் அடித்த மழையில் பாதி கொட்டிவிட்டது. ருக்மணி சித்தி குந்தாரப்பள்ளி சந்தையில் ஒரு கறவை மாடு பிடித்து வந்திருக்கிறாள், அது உதைக்கிற உதையில் அவள் பேச்சே பாதியாகக் குறைந்துவிட்டது, சித்தப்பா முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. இப்படி நாலு விஷயம் எழுதி உன்னைச் சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்கே சிரிப்பு வரவில்லை.

போன வாரம் நீ கேட்டபோது, பவளத்துக்குக் கம்பெனியில் கையில் சின்ன அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேனே, அது பொய். வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற நாலும் போய்விட்டன. மூன்று வாரமாகக் கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். போனில் இதைச் சொன்னால் நீ அழுவாய், உன்னைப் பார்த்து நான் அழுவேன், அப்புறம் நான் செய்யப்போவதைச் சொன்னால் வேண்டாம்மா என்பாய். நீ வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் போதும், நான் கேட்டுவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை கம்பெனியில் விசாரணை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பேன். அதுவரை போனில் வழக்கம்போலச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்றுதான் கேட்பேன், மன்னித்துக்கொள்.

முதலிலிருந்து சொல்கிறேன். தீபாவளி முடிந்த கையோடு கம்பெனியில் ஒரு படிப்பு ஆரம்பித்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். புது மிஷின்கள் வருகின்றன, நாற்பது தாண்டியவர்கள் படித்துத் தேறினால்தான் ஆப்பரேட்டர் என்று நிரந்தரமாக்குவோம், இல்லாவிட்டால் காண்ட்ராக்டில் கிடக்க வேண்டியதுதான் என்றார்கள். படிப்பு முழுக்க போனில். ஆனால் தனியாகப் படிக்க முடியாது. நாலு பேர் ஒரு குழு. ஒருவர் பாடத்தைக் கேட்டுவிட்டுத் தன் பேச்சில், தன் குரலில் அதைத் திருப்பிச் சொல்லிப் பதிய வேண்டும், மற்ற மூன்று பேரும் கேட்டுப் புரிந்தது புரியவில்லை என்று பதில் போட வேண்டும். நாலு பேரும் தேறினால்தான் குழு தேறும். எங்கள் குழுவில் நான், பவளம், தளிப் பக்கத்து நாராயணப்பன், விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த மாரிசாமி அண்ணன். நாராயணப்பனுக்கு வீட்டில் கன்னடம், பவளம் பேரிகை ஊரில் பிறந்தவள், வீட்டில் தெலுங்கு, மாரிசாமி அண்ணனுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் தெரியாது, அந்தத் தமிழும் எங்களுக்குப் பாதிதான் புரியும். பதினேழு வருஷமாகப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருப்பவள் என்று என்னைக் குழுத் தலைவி ஆக்கினார்கள். பயிற்சி அதிகாரி சௌந்தரராஜன் அன்றிலிருந்து என்னை ஜோதி மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளை மேடம் என்று ஒருத்தர் கூப்பிட்டால் பிடிக்காமல் என்ன செய்யும்.

அந்த நாலு மாசம் நான் இருந்த சந்தோஷம் உன் கல்யாணத்தன்று இருப்பேனா தெரியாது. (பார், பேச்சு வந்துவிட்டது.) கேன்டீனில் சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவிட்டு நாலு தலையும் ஒரு போன் மேல் கவிழ்ந்திருக்கும். தகட்டைத் துல்லியமாக அளக்கிற வெர்னியர் அளவு எனக்கு ஏறவே இல்லை, புள்ளிக்கு அந்தப் பக்கம் ஒன்றிருந்தால் என்ன இரண்டிருந்தால் என்ன என்று எரிச்சலாக வரும். நாராயணப்பன்தான், “பூ முழம் போடறப்ப வெரக்கடை பாத்துத்தானே அறுப்பீங்க, அதே கணக்குதான் மேடம்” என்று ஒரே வரியில் சொன்னார், அன்றைக்குப் புரிந்தது. பவளத்துக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஆனால் ஒரு தடவை கேட்டால் அப்படியே பிடித்துக்கொள்வாள். குரல் பதிவு என்றால் மட்டும் வெட்கம். முதல் பாடத்தைப் பதிய சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நா பேரு பவளம் என்று தெலுங்கில் ஆரம்பித்து, ஐயோ என்று சிரித்து, பிறகு தமிழில் சொல்லி முடித்தாள். சிரிப்பும் சேர்ந்தே பதிந்துவிட்டது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஏறியதும் தன் குரலைத் தானே போட்டுப் போட்டுக் கேட்டாள். அப்பா ஓட்டிக்கொண்டே, இந்தம்மா ரேடியோவில் சேர்ந்துவிட்டார்களா என்று கேட்டாராம். எங்களைப் போன்றவர்கள் பேசி, அதை இன்னொருத்தர் உட்கார்ந்து கேட்டு, புரிந்தது என்று பதில் போடுவது எங்களுக்குப் புதிது. வீட்டில்கூட யார் கேட்கிறார்கள்.

படிப்பில் சொல் பெட்டி என்று ஒன்று இருந்தது. பல பாஷைக்காரர்கள் வேலை செய்கிற இடம், ஒருத்தர் கத்துவது இன்னொருத்தருக்குப் புரிவதில்லை, அதனால் மிஷின் பக்கத்தில் புழங்குகிற சொற்களை எல்லாம் குழுவே சேர்ந்து எழுதி அர்த்தம் போட வேண்டும். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், முடிவில் தலைவி ஒப்புதல் கொடுக்க வேண்டும். எங்கள் பெட்டிதான் பெரிசு. நாராயணப்பன் சாலு என்று எழுதி, மிஷினை ஓட விடு என்று அர்த்தம் போட்டார். கன்னடத்திலும் அப்படித்தான், வடக்கத்திக்காரர்களும் சாலு கரோ என்றுதான் சொல்வார்கள். மறுநாள் பவளமும் சாலு என்று ஒன்றைச் சேர்த்திருந்தாள், யாரோ எழுத்துக்கு உதவியிருக்கிறார்கள், போதும் நிறுத்து என்று அர்த்தம், கூடவே குரலும் பதிந்திருந்தாள். “சாலு அண்டே போதும்னு அர்த்தம்க்கா, எங்க ஊட்ல எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவோம்.” ஓசை ஒன்று, அர்த்தம் நேர் எதிர். செயலி அதைப் பார்த்துச் சிவப்புப் பட்டை போட்டுவிட்டது, ஒரே சொல் இரண்டு முறை வந்திருக்கிறது, சரிசெய்யவும் என்று. சரிசெய்யாவிட்டால் பச்சை ஆகாது, பச்சை ஆகாவிட்டால் நாலு பேருக்கும் சான்றிதழ் வராது. இரண்டு நாள் முட்டிப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீ துணி உலர்த்திக்கொண்டிருந்தாய். ஒரே வார்த்தை ரெண்டு தடவை இருக்குதாம், சிவப்பு போக மாட்டேங்குது என்றேன். ரெண்டுல ஒண்ணை அழிச்சிடும்மா, சரியாயிடும் என்றாய். எந்த வார்த்தை என்று நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. நல்லாப் பார்த்துக்கொள் அனு, நீ சொன்னது அவ்வளவுதான். எதை அழிப்பது என்று முடிவு செய்தவள் நான்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. தெரியாமல் செய்திருந்தால் தெரியாமல் செய்தேன் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். சாலு என்றால் போதும் என்று எனக்குத் தெரியாதா. இந்தச் சீமையில் பிறந்து தெலுங்கு வீட்டில் ஒருவேளை சாப்பிட்டவர்களுக்கு எல்லாம் தெரியும். நீ ஜப்பானுக்குக் கிளம்பிய அன்றைக்குப் பவளம் ஒப்பட்டுப் போளி செய்து எடுத்து வந்தாளே, நம் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாளே, நான் ரசம் ஊற்ற ஊற்ற இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு சாலு சாலு என்று கத்தினாள், நீ அவளைப் போலவே சொல்லிக் காட்டினாய், எல்லோரும் சிரித்தோம். அந்தச் சொல்தான். போன் திரையில் இரண்டும் மேலும் கீழுமாக இருந்தபோது அந்த நாள்தான் ஞாபகம் வந்தது, அதனாலேயே அதை அழித்தேன். இது சாப்பாட்டில் சொல்கிற சொல், மிஷின் பக்கத்தில் இதை யார் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். பெரிய படிப்பாளி நான். பவளத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், வேண்டாம்க்கா ரெண்டும் இருக்கட்டும் என்றிருப்பாள், அப்புறம் சிவப்பு அப்படியே நிற்கும், மற்ற குழுக்கள் முந்திவிடும். விரலை வைத்தேன், அழிந்தது, பச்சை வந்தது. உனக்குக்கூட ஒரு பூ படம் அனுப்பினேன்.

எங்கள் சொல் பெட்டிக்கு முதலிடம் கொடுத்தார்கள். அதைப் பெரிய தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிரஸ் மேலும் ஒட்டினார்கள். சாலு, மிஷினை ஓட விடு. கீழே எங்கள் நாலு பேர் பெயர், பவளத்தின் பெயரும். அவள் அந்தத் தாளில் தன் பெயரைத் தடவித் தடவிப் பார்ப்பாள், மேலே உள்ளதை முழுக்கப் படித்திருக்க மாட்டாள், தான் சொன்னதும் அதில் இருக்கும் என்றுதான் நினைத்திருப்பாள். மாரிசாமி அண்ணன் அப்படி இல்லை. தெலுங்கு தெரியாது, கன்னடம் தெரியாது, எந்தப் பேச்சிலும் தவறு வரக்கூடாது என்று தினமும் டீ குடிக்கிற நேரத்தில் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று பள்ளிக்கூடப் பிள்ளை போல வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார். எங்கள் குழுவில் ஒழுங்காகப் படித்தவர் அவர்தான்.

நீ ஆயுத பூஜைக்கு வந்தபோது பிரஸ்ஸைப் பார்த்திருக்கிறாய், மேலேயிருந்து ஒரு பெரிய இரும்பு இறங்கித் தகட்டை ஒரே அடியில் வடிவமாக்கிவிட்டு ஏறும். பவளத்துக்கு அடிபட்ட அன்று புது அச்சு மாட்டியிருந்தார்கள், ஒரு துண்டு உள்ளே சிக்கிவிட்டது. மாரிசாமி அண்ணன் பொத்தான் பக்கம் நின்றார், பவளம் முன்பக்கம். அவர் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் மேலிரும்பு விரற்கடை அளவு ஏறும், சாவியைத் திருப்பித் தட்டினால் முழு அடி இறங்கும். அவள் உள்ளே கையை விட்டுத் துண்டை நெம்பிக்கொண்டே இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்றிருக்கிறாள், அவர் தட்டித் தட்டி ஏற்றியிருக்கிறார். துண்டு அசைந்ததும் சாலு சாலு என்றாள். கவனம் முழுக்கக் கையில் இருக்கும்போது வாயில் வீட்டுப் பேச்சுதானே வரும். அவர் என்ன நினைத்தார், வேலை முடிந்தது, ஓட விடச் சொல்கிறாள் என்று நினைத்தார். சாவியைத் திருப்பித் தட்டினார். கை குறுக்கே வந்தால் மிஷினை நிறுத்த இரண்டு பக்கமும் சென்சார் இருக்கிறது, நாங்கள் அதைக் கண் என்போம். அந்தப் பிரஸ்ஸில் பத்து நாளாகக் கண் வேலை செய்யவில்லை, அது அடிக்கடி நிறுத்துகிறது, உருப்படி குறைகிறது என்று ஒயரைக் கழற்றி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மேஜையில் இருந்தேன். அடி விழுந்த சத்தம் வழக்கமான சத்தம்தான், அதனால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மாரிசாமி அண்ணன் கத்தியபோதுதான் ஓடினேன். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

அவர் அன்றிலிருந்து சோறு சரியாகத் தின்பதில்லை என்று அவர் வீட்டு அக்கா சொல்கிறாள். பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, “நான் படிச்சதத்தான தாயி செஞ்சேன், அந்தப் பிள்ள சாலுன்னுதான சொல்லுச்சு, தாள்ல அப்படித்தான போட்டிருந்துச்சு” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாண்ணே என்றேன். தாளில் ஏன் அப்படி மட்டும் இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது, வாசல் வரை வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குள் கம்பெனியில் எல்லாப் பிரஸ்ஸிலிருந்தும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார்கள், பிசின் ஒட்டிய நாலு மூலை மட்டும் அப்படியே இருக்கிறது. கழற்றி வைத்திருந்த கண்ணை மறுநாளே மாட்டிவிட்டார்கள், இத்தனை நாளும் அது அங்கேயே இருந்தது போல.

சௌந்தரராஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். “மேடம், அந்தம்மாவே சாலுன்னு சொல்லியிருக்காங்க. ஓட்டுன்னு அர்த்தம் போட்ட லிஸ்ட்ல அவங்க பேரே இருக்கு. அப்ப தப்பு அவங்களோடதுதானே” என்றார். விசாரணையில் கேட்டால், அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் எங்கள் பெட்டியில் எப்போதும் இருந்ததில்லை என்று மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். பவளம் தன் கையைத் தானே மிஷினுக்குக் கொடுத்தாள் என்று எழுதி முடித்துவிடுவார்கள், நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. கண் கழற்றியிருந்த பேச்சும் எழாது. அடுத்த பேட்சுக்கு நீங்கள்தான் டிரெய்னர், மைக் பிடித்துப் பாடம் நடத்தப்போகிறீர்கள் என்றார். அனு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்த நேரத்தில்கூட ஒரு நொடி என் மனசு அந்த மைக்கைப் பிடித்துப் பார்த்தது. அப்புறம் அவர், செயலியை அப்டேட் செய்ய வேண்டும், உங்கள் போனை இரண்டு நாள் கொடுத்து வையுங்கள் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் செயலியில் சொல் அழிந்தாலும் அழித்த தடயம் இருக்கும், தலைவியின் போனில்தான் அது தெரியும். போன் என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, அவர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். போன் என் இடுப்பில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை வீட்டில் ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் குதித்தார். “நீ வாயத் தொறந்தா உன் வேலையும் போவும், என் பஸ்ஸும் போவும், நமக்கெதுக்குடி இது, அந்தப் பொண்ணுக்குப் போன வெரலு திரும்பி மொளைக்கவா போவுது” என்றார். அவர் சொல்வதில் தப்பு ஒன்றுமில்லை, அவரும் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கம்பெனி பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். நானும் பதிலுக்குக் கத்தினேன். இரண்டு நாள் ஒருவருக்கொருவர் பேசவில்லை, சோற்றை வைத்தால் தின்றார், எழுந்து போனார். நேற்றுக் காலையில் பைக்கை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, போனை எடுத்துட்டு வா என்றார். எங்கே என்று கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நிறுத்தி, போனில் இருந்த அந்தத் தடயத்தைக் காட்டி, கடைக்காரரிடம், பேரும் தேதியும் தெளிவாகத் தெரியற மாதிரி எடுங்க, மங்கலா இருந்தா வேணாம் என்று அவரே நின்று வாங்கினார். வீட்டில் இறங்கியதும் முழங்காலுக்குத் தைலம் கேட்டார்.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணையில் யாரிடமோ சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் இல்லையா. அவள் மகள் மணிமேகலை பரீட்சைக்குப் போயிருந்தாள், அவள் மட்டும்தான் இருந்தாள். கையை ஒரு தலையணை மேல் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு வந்தது, உன்னைக் கேட்காமல் நான்தான் அழித்தேன், அது சாப்பாட்டுச் சொல் என்று நினைத்துத்தான் அழித்தேன் என்று. திட்டுவாள், தலையணையைத் தூக்கி எறிவாள், கதவைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் தலையணையோடு தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். அப்புறம், “நான் பேசுனதும் போயிருச்சாக்கா” என்று கேட்டாள். அந்தச் சொல்லோடு பதிந்த குரலைக் கேட்கிறாள். போயிடுச்சு என்றேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கொண்டுபோன ரசஞ்சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டினேன், இடது கையால் தின்ன அவளுக்கு இன்னும் கூச்சம். நாலு வாய் வாங்கினாள். ஐந்தாவது வாய்க்கு வலது கையைத் தூக்கி மறைக்க வந்து, கட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். சா என்று வந்தது, நிறுத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, போ-தும்-க்-கா என்றாள். நான் கையில் இருந்த சோற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மா அப்பாவிடம் கற்றது, யாரும் பாடம் எடுக்காமல் தானாக வந்த சொல், அதையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான் போய், அந்தச் சொல் பெட்டியில் இருந்தது, பவளம் சரியாகத்தான் எழுதியிருந்தாள், அழித்தவள் நான், மாரிசாமி அண்ணன் தாளில் இருந்ததைத்தான் செய்தார், கண் பத்து நாளாகக் கழன்று கிடந்தது என்று இந்த வரிசையில் சொல்வேன். இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், குரல் நடுங்கவில்லை, படிப்பு அதற்காவது உதவுகிறது. உன் பெயர் எங்கேயும் வராது, வரவும் வேண்டியதில்லை. நான் சொல்லித்தானே அம்மா அழித்தாள் என்று அங்கே தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்காதே, ஒன்றை அழி என்று சொல்வது வேறு, எதை என்று தெரிந்து அழிப்பது வேறு. வேலை போனால் போகட்டும், ருக்மணி சித்தியின் மாடு என்னையும் கொஞ்ச நாள் உதைக்கட்டும். நீ அதற்காகப் பணம் அனுப்புகிறேன், கிளம்பி வருகிறேன் என்று ஆரம்பிக்காதே. உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அங்கே முதியோர் இல்லத்தில் நீ பார்த்துக்கொள்கிற பெரியவர்களில் ஒரு அம்மா தன் ஊர்ப் பேச்சில் பேசுகிறார்கள், மற்றவர்கள் புரியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள் என்று சொன்னாயே, நீ அப்படிப் போகாதே. என்ன சொன்னீர்கள் என்று நின்று கேள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேள். நேரமானால் ஆகட்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், ஜெராக்ஸ் கடையில் எடுத்ததில் ஒன்று. இங்கே இருப்பவற்றுக்கு என்ன ஆனாலும் உன்னிடம் ஒன்று இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வைக்கிற இடத்தில் வை, இதை மறக்காதே. சாலு, போதும், எழுதியவர் பவளம் என்று இருக்கும், அதன் மேல் ஒரு கோடு, கீழே அழித்தவர் ஜோதியம்மாள் என்று தேதியும் மணியும் இருக்கும். உன் அம்மாவின் பெயர் அச்சில் வருவது இதுதான் இரண்டாவது தடவை. பவளத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஒலிபெருக்கிப் படம் இருக்கிறது, குரல் கேட்க அதைத்தான் தொடுவோம். அது வெறும் தாள், தொட்டால் பேசாது. எனக்கும் தெரியும், இருந்தும் நேற்றிலிருந்து நாலைந்து தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் சொல் நாலு பேர் காதில் விழ வேண்டும், உன் கையும் காலும் முழுசாக இருந்து நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அவருக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும்.

என்றும் உன் அம்மா,
கோ. ஜோதியம்மாள்